பென்சில் பாடிய வரி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் பென்சில். வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஒரு 'மேடம்' சேர்த்துக்கொள்வார்கள்.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. பெரிய பாடகர்கள் பாடப்போகும் பாட்டை முதலில் வேறொருவர் பாடிவைக்க வேண்டும். மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதைக் கேட்டுத்தான் பெரியவர்கள் படித்துக்கொள்வார்கள். இதற்கு ட்ராக் பாடுவது என்று பெயர். பெரியவர் வந்து பாடி முடித்ததும் ட்ராக் குரலை அழித்துவிடுவார்கள். "நீங்க பென்சில்ல எழுதுறீங்க, அவங்க மேல பேனாவால எழுதுறாங்க, நான் ரப்பர்" என்று சவுண்டுக்காரர் ஒருநாள் சொன்னார். ரப்பர் என்ற பெயர் அவருக்கு ஒட்டவில்லை. பென்சில் மட்டும் இவளுக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் நீங்கள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டத் தயாராகிவிடுவீர்கள். வேண்டாம். அவளுக்கு அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. மேடை ஏறினால் அவளுக்குக் கால் வெடவெடக்கும், கேமராவைக் கண்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். நாலு சுவருக்குள் யாருக்கும் தெரியாமல் பாடிவிட்டு வீட்டுக்குப் போவது அவளுக்கு மெத்தப் பிடித்திருந்தது.

அதிலும் ஒரு சுகம் உண்டு. ட்ராக் பாடும் நாளில் பெரும்பாலும் பாட்டு வரிகள் வந்திருக்காது. பாட்டெழுதுபவரைக் கேட்டால் "இதோ கிளம்பிட்டேன்" என்பார். அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். அதுவரை மெட்டு காலியாக நிற்க முடியாதே, பென்சில் வாயில் வந்ததைப் போட்டுப் பாடுவாள். உருக வைக்கும் காதல் மெட்டுக்கு 'தண்ணி மோட்டார் ஓடலையே, ஓனர் போன எடுக்கலையே' என்று அவள் ஒருமுறை பாடிய ஏக்கத்தில் சவுண்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லாம் அழியப்போகிற வார்த்தைகள். அப்படியென்றால் யாருக்குமே வாய் தாராளமாகத்தான் வரும்.

பாடும் அறைக்கும் சவுண்டுக்காரர் உட்காரும் அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடி. பாடும் அறையில் ஒரு மேஜை விளக்கு உண்டு. உள்ளே போனதும் பென்சில் செய்யும் முதல் காரியம் அதை அணைப்பது. விளக்கு எரிந்தால் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரியும். எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து காட்டும் கை தெரியாது. "கரண்ட் பில் நீங்கதான் கட்டுறீங்களா?" என்று சவுண்டுக்காரர் கேட்பார். வருடக்கணக்காக அதே கேள்வி, அவளும் வருடக்கணக்காக அதே மாதிரி முறைப்பாள்.

அந்த அறையின் கதவுக்கு மேலே, வெளிப்பக்கம், ஒரு சிவப்பு பல்பு இருக்கிறது. அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது என்று பொருள். அப்போது கதவைத் திறக்கக் கூடாது. முதலாளியானாலும் சரி, தீயணைப்பு வண்டியானாலும் சரி. போன்களையெல்லாம் வரவேற்பு மேஜையில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாக் கூடத்திலும் உள்ள வழக்கம்தான் இது. இந்தப் பல்பினால்தான் பென்சிலுக்கும் அவள் அக்காவுக்கும் பேச்சு நின்றுபோனது.

அம்மா இருந்தது அக்கா வீட்டில். அக்காவுக்குத் தையல் கடையில் வேலை. அம்மா படுக்கையில் விழுந்தபின் கடைக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி அவள்தான் பார்த்துக்கொண்டாள். பென்சில் விடுமுறை நாளில் பழம் வாங்கிக்கொண்டு போவாள், கட்டில் ஓரமாக உட்கார்ந்து நாலு பாட்டுப் பாடுவாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சின்னவளின் குரலைப்பற்றித்தான் பெருமையடிப்பாள். தூக்கிக் குளிப்பாட்டிய பெரியவள் வாளியும் கையுமாக அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் புகைச்சல் அப்போதே இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

ஒருநாள் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. அன்று மத்தியானமே டாக்டர், வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா போன் போட்டாள், மறுபடி போட்டாள். போன் பெட்டிக்குள் கிடந்து அதிர்ந்தது. கடைசியில் கூடத்துக்கே போன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் பதறிக்கொண்டு அறைக்கு ஓடினாள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் கதவு வாசலிலேயே நின்றுவிட்டாள். "லைட் அணையட்டும்னு நின்னேன் மேடம்" என்று பிறகு அழுதாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவள் இடத்தில் பென்சில் இருந்திருந்தாலும் நின்றுதான் இருப்பாள்.

உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தது ஒரு மெத்தை விளம்பரம். மெத்தைக் கம்பெனிக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் தூக்கம் வேணும் குரல்ல" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இவளும் திரும்பத் திரும்பத் தூங்கினாள்.

மருத்துவமனைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடைபாதை பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்து, "பாட்டு முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

உறவெல்லாம் வந்து கலைந்தபிறகு ஒருநாள் சாயங்காலம் பென்சில் அக்கா வீட்டுக்குப் போனாள். இருட்டத் தொடங்கிய நேரம். கதவைத் தட்டினாள். பக்கத்தில் சமையலறை ஜன்னல். விளக்கு எரிந்தது, அக்காவின் நிழல் ஆடியது. பாத்திரம் வைக்கும் சத்தம் கூடக் கேட்டது. "அக்கா, நான்தான்" என்றாள். சத்தம் நின்றது. விளக்கு அணைந்தது. பென்சில் தெருவிளக்கின் கீழே தள்ளிப் போய் நின்றுகொண்டு, தாழ்ப்பாள் சத்தம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. வாசலில் ஆள் நிற்கும்போது விளக்கை அணைத்தால் போ என்று அர்த்தம், அதற்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. கால் கடுத்ததும் திரும்பி வந்துவிட்டாள்.

அன்றைக்கு நின்ற பேச்சுதான். அத்தான் மட்டும் நடுவில் இருந்தார். அக்காவின் கணவர், பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பஸ்ஸில் இவள் ஏறினால் கண்ணாடி வழியே பார்த்துத் தலையாட்டுவார், வீட்டுச் சேதி ஒன்றிரண்டு சொல்வார். அதில் அக்கா அவளைக் கேட்டாள் என்ற சேதி மட்டும் ஒருநாளும் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மெட்டு வந்தது. இசையமைப்பாளர் சின்ன வயதுக்காரர். போட்ட பாட்டுகள் வரிசையாகப் படுத்துவிட, அடுத்த படம் கிடைக்குமா என்று கலங்கிக்கொண்டிருந்தவர். மெதுவான மெட்டு, பின்னால் வெறும் பியானோ. பாட்டெழுதுபவர் வழக்கம்போல 'கிளம்பிவிட்டார்'. "வழக்கம்போல எதையாவது போட்டுப் பாடிடுங்க மேடம்" என்றார் இசையமைப்பாளர்.

அன்று காலையில் பஸ் நிறுத்தத்தில் முன்னால் நடந்துபோன ஒருத்தியின் கொண்டையைப் பார்த்து, அக்கா என்று நினைத்துப் பென்சில் ஓடியிருந்தாள். ஓடிப் போய்த் தோளைத் தொட்டால் வேறு யாரோ. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்திருந்தாள். விளக்கை அணைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை உயர்ந்தது. முதல் வரிகளில் மோட்டாரும் ஓனரும் வந்துபோனார்கள். மெட்டு மேலே ஏறிப் பல்லவிக்கு வந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டது.

வெளியிலதான் நிக்கிறேன், வெளக்க அணைக்காத.
தெறக்க வேணாம் கதவ, வெளிச்சம் மட்டும் போதும்.

பாடி முடித்தபோது சவுண்டுக்காரர் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் குடிக்காமல் வைத்திருந்தார். "மோட்டார் என்ன ஆச்சு மேடம்?" என்று கேட்டுப் பார்த்தார், அது எடுபடவில்லை. பென்சில் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எப்படியும் அழிந்துவிடும் என்பதால் அதை அவள் பெரிதாக நினைக்கவும் இல்லை.

பாட வேண்டிய பாடகி பெரிய பெயர் எடுத்தவர். காரில் போகும்போதும் வரும்போதும் பென்சிலின் ட்ராக்கைக் கேட்டுக் கேட்டுத்தான் மெட்டைப் படித்திருந்தார். பதிவு நாளன்று பாட்டெழுதுபவரின் வரிகளும் வந்து சேர்ந்தன. 'நிலவே உன் மடியில் நானொரு பனித்துளி' என்று பல்லவி. பாடகி பாடிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. மறுபடி பாடச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பல்லவி வந்தபோது அவர் வாய் தன்னால் பென்சிலின் வார்த்தைக்குப் போய்விட்டது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. இப்படி ஒரு தப்பு இந்தத் தொழிலில்தான் நடக்கும். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பாட்டெழுதுபவரும் அன்று அங்கேதான் இருந்தார். மூக்கைச் சொறிந்துகொண்டார். பிறகு, "என் பனித்துளிய எடுத்துடுங்கப்பா, அது உலர்ந்து போச்சு" என்றார். நல்ல மனுஷர். அந்த ரெண்டு வரியைச் சுற்றிச் சரணங்களைப் புதிதாக எழுதினார், நன்றாகவே எழுதினார். அப்புறம் பென்சிலைத் தேடி வந்தார்.

"ட்ராக் வார்த்தைக்கு சொந்தக்காரங்க கிடையாதுன்னு சொல்லுவாங்க. எனக்கு மனசு கேக்கல. உங்க பேரையும் போட்டுடலாமா?"

"ஐயையோ, வேணாம்" என்றாள் பென்சில். அவர் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். அவளுக்கு வந்தது வெட்கம் இல்லை, பயம். வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள். அதையும் சொல்லவில்லை. கதவுக்குள் போகாத குரல் ரேடியோ வழியாகவாவது போகாதா என்ற நப்பாசை. அந்தக் குரலும் அவளுடையது இல்லை என்பது வேறு விஷயம்.

பாட்டு வெளியானபோது காக்கை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இசையமைப்பாளர் தாடி வளர்க்கத் தொடங்கினார். பிறகு எங்கிருந்து பற்றிக்கொண்டது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சேர்ந்து பாடிய ஒரு வீடியோ என்கிறார்கள். ஊடல் கொண்ட காதலர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டதுதான் காரணம் என்று பாட்டெழுதுபவர் அடித்துச் சொல்வார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எங்கும் பரவிவிட்டது. முடிவெட்டும் கடையில், லிஃப்டில், பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கையில். பென்சில் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் கத்தரிக்காயை எடைபோட்டபடி 'வெளியிலதான் நிக்கிறேன்' என்று இழுத்தார். "உள்ள வாங்களேன்" என்றாள் ஒரு வாடிக்கைக்காரி. கடையே சிரித்தது. பென்சிலும் சிரித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்து தெருமுனையில் நின்று அழுதாள்.

பெருமையாக இல்லாமல் இல்லை. ஊரே தன் வார்த்தையை முணுமுணுப்பதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஊர் எல்லாம் எதற்கு? கேட்க வேண்டியவள் ஒருத்திதான்.

கூடத்திலும் தொந்தரவு ஆரம்பித்தது. வந்த தயாரிப்பாளர்களெல்லாம் 'அது மாதிரியே ஒண்ணு' வேண்டும் என்றார்கள். ஒருவர் வாசலுக்குப் பதில் மாடிப்படி என்றார், இன்னொருவர் பால்கனி என்றார். அரைத்த மாவையே அரைத்து இசையமைப்பாளருக்குத் தாடி மறுபடி வளர்ந்தது.

ஒருநாள் அத்தானின் பஸ்ஸில் ஏறினாள். கடைசி நிறுத்தம் வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் இறங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அந்தப் பாட்டு உன் வேலையாம்மா?"

"பாடினது வேற ஆளு, அத்தான்."

"அது கெடக்கட்டும். உங்கக்கா கடையில ரேடியோ போட்டிருந்தாங்களாம். பத்துப் பொம்பளைங்க மிஷின மிதிச்சுக்கிட்டே கூடப் பாடியிருக்காங்க. இவ எழுந்து போய் ரேடியோ ஒயரப் பிடுங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா."

"என்ன சொன்னா?"

"'என் வீட்டு வாசல ஊருக்கே பாட்டாப் போட்டுட்டா'ன்னு சொன்னா. அப்புறம், 'அதுவும் பொய்யப் பாட்டாப் போட்டுட்டா'ன்னு சொன்னா."

"எது பொய்யாம்?"

"கேட்டேன். மொறச்சா. நான் பஸ் ஓட்ட வந்துட்டேன்."

அவள் இறங்கி நடந்தாள். பொய் என்ற சொல் காலில் முள்ளாக ஏறிக்கொண்டது. எதைப் பொய் என்கிறாள்? வெளியே நின்றது பொய்யா? விளக்கை அணைத்தது பொய்யா? தன் கண்ணால் பார்த்ததாயிற்றே. கோபம் வந்தது, கோபத்தின் பின்னாலேயே ஆற்றாமையும் வந்தது. நப்பாசையில் ஒரு வரியை விட்டுவைத்து, இருந்த ஒரு நூலையும் தானே அறுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து பாட்டு எங்கே கேட்டாலும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

அப்படியே கொஞ்ச காலம் போயிற்று. அன்று ஒரு மத்தியானம், பால்கனிப் பாட்டுக்கு ட்ராக் பாட வேண்டியிருந்தது. போனைப் பெட்டியில் போட்டாள். உள்ளே போனாள். யாரோ முன்னால் பாடியவர் மேஜை விளக்கை எரியவிட்டுப் போயிருந்தார். அன்று அதை அணைக்கவும் தோன்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தாள். கண்ணாடியில் அவள் முகம்தான் இருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்து, தூங்காத முகம்.

வெளியே நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரியும். வரவேற்பில் ஒரு பெண்மணி வந்து நின்றிருக்கிறாள். முந்தானையெல்லாம் தையல் சாக்பீஸ் தூள். 'வெளியிலதான் நிக்கிறேன்' பாடினவளைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாள். பாடகி இங்கே இல்லை, அவர் வெளிநாடு போயிருக்கிறார் என்று வரவேற்புப் பெண் சொல்லியிருக்கிறாள். "அவ இல்ல. மொதல்ல பாடினவ" என்றிருக்கிறாள் வந்தவள். அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. பாடும் அறைப் பக்கம் அழைத்துப் போகவில்லை. ஏற்கெனவே ஒருமுறை அந்தக் கதவு வாசலில் நின்று பட்டவள் ஆயிற்றே. நேரே சவுண்டுக்காரரின் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டாள்.

பியானோ ஆரம்பித்தது. பென்சில் கையை நீட்டி மேஜை விளக்கை அணைத்தாள்.

கண்ணாடியில் அவள் முகம் மறைந்தது. அந்தப் பக்கம் தெரிந்தது. சவுண்டுக்காரர், தாடியோடு இசையமைப்பாளர், அவர்களுக்கு நடுவே நாற்காலி நுனியில் அக்கா.

பாடுவதற்குக் கை காட்டினார்கள். அவளுக்குக் குரல் வரவில்லை. பியானோ தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா சவுண்டுக்காரரிடம் திரும்பி ஏதோ கேட்டாள். கண்ணாடி வழியே உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவர் மேஜை விளக்கைச் சுட்டிக் காட்டினார், கண்ணாடியைக் காட்டினார், தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார், சிரித்துக்கொண்டே வேறு என்னவோ சொன்னார். கரண்ட் பில் ஜோக்காகத்தான் இருக்கும். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் முன்னால் இருந்த மைக்கைப் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் பேச ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், சவுண்டுக்காரர் அழுத்தினார்.

ஹெட்போனுக்குள் அக்காவின் குரல் காதோடு வந்தது.

"ஏன் வெளக்க அணைச்சே?"

பென்சில் திணறினாள். "வெளக்கு எரிஞ்சா... அந்தப் பக்கம் இருக்கிறவங்க தெரியாதுக்கா."

"தெரியுதுல்ல உனக்கு? இத்தன வருஷமா தெனமும் இதத்தானே பண்றே? அப்புறம் எப்படிடி அப்படிப் பாடுனே? நான் உன்னப் பாக்கத்தான் அணைச்சேன். வெளக்கு எரிஞ்சா ஜன்னல்ல என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. அணைச்சப்புறம்தான் நீ தெரிஞ்சே. அந்தத் தெருவெளக்குக்குக் கீழ, அம்மா பொடவையக் கட்டிக்கிட்டு. நீ போற வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா தெறக்கல?"

இசையமைப்பாளர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"தெறந்தா கோவம் போயிடுமேன்னுதான். அம்மா போனப்புறம் எங்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."

பென்சில் இருட்டில் நின்று அழுதாள். மைக் முன்னால் அழுதால் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் நகர முடியவில்லை.

"லைட்டப் போடு" என்றது ஹெட்போன். "எனக்கு உன்னச் சரியாத் தெரியல."

அவள் விளக்கைப் போட்டாள். கண்ணாடியில் மறுபடி அவள் முகம் மட்டும் வந்தது, அழுது வீங்கி. அந்தப் பக்கம் யாரும் தெரியவில்லை. ஹெட்போனில் நாற்காலி தள்ளப்படும் சத்தமும், "அம்மா, இருங்க, ரெக்கார்டிங் ஓடுது, வெளிய சிவப்பு லைட் எரியுது" என்று சவுண்டுக்காரர் பதறுவதும் கேட்டது. பிறகு பொத்தானிலிருந்து அவர் விரலை எடுத்துவிட்டிருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது அந்தக் கதவை இதுவரை யாரும் திறந்ததில்லை. அக்கா திறந்தாள்.